நினைவில் நிற்கும் ஆங்கிலப் பாடம்

நமது உயர்நிலைப் பள்ளி மாணாக்கருள் பலருக்கு, குறிப்பாகக் கிராமப்புறத்தினருக்கு, ஆங்கிலம் வகுப்பறைக்கு வெளியே அதிகம் வழங்காத மொழியாகும். தாய்மொழிச் சொல் நாள்தோறும் காதில் விழுந்து நிலைபெறுகிறது. ஆங்கிலச் சொல்லுக்கு அவ்வாய்ப்பு இல்லை. திங்களன்று கற்ற சொல் வெள்ளியன்று மறந்துபோவது அறிவுக் குறைவால் அன்று. அது மூளையின் இயல்பு.

இம்மறதியை முதலில் அளந்தவர் ஜெர்மானிய உளவியலறிஞர் எபிங்ஹௌஸ். பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து 1885-இல் அவர் வெளியிட்ட முடிவுகளின்படி, கற்றதில் பெரும்பகுதி முதல் நாளிலேயே மறைந்துவிடுகிறது. இடைவெளி விட்டுத் திரும்பக் கற்பதே இதற்கு மாற்று.

திரும்பக் கற்பதென்பது திரும்பப் படிப்பது மட்டுமன்று. அமெரிக்க ஆய்வாளர்களான ரோடிகர், கார்ப்பிக் ஆகியோர் 2006-இல் கல்லூரி மாணவரிடையே நடத்திய சோதனையில், ஓர் உரைநடைப் பகுதியை நான்கு முறை படித்தோர் ஒரு வாரத்திற்குப் பின் அதில் 40 சதவீதத்தை நினைவுகூர்ந்தனர். ஒருமுறை படித்து, பின்னர் மும்முறை பாராமல் எழுதிப் பார்த்தோர் 61 சதவீதத்தை நினைவுகூர்ந்தனர். ஐந்து நிமிடத்திற்குப்பின் சோதித்தபோதோ, படித்தவர்களே முந்தினர். தேர்வுக்கு முந்தைய இரவின் மனப்பாடம் ஏன் மயக்கம் தருகிறது என்பது இதனால் விளங்கும்.

மேலும், மனம் ஒரே நேரத்தில் ஏந்தக்கூடிய புதுச் செய்திகள் ஏறத்தாழ நான்கே என்று உளவியலறிஞர் கோவன் 2001-இல் எடுத்துக்காட்டினார். எனவே இருபது சொற்களை ஒருசேரத் திணிப்பது பயனற்றது. ‘லுக்’, ‘ஆஃப்டர்’ என்று பிரிக்காமல், ‘லுக் ஆஃப்டர்’ என்பதைப் ‘பேணுதல்’ என்னும் ஒரே பொருளுடைய தொடராகக் கற்பித்தால் சுமை குறையும்.

வகுப்பறையில் செய்யவேண்டியது எளிது. பாடவேளையின் முதல் ஐந்து நிமிடத்தில், நேற்றைய தொடர்கள் சிலவற்றையும், சென்ற வாரத்தவை, சென்ற மாதத்தவை சிலவற்றையும் புத்தகத்தை மூடிவைத்து எழுதச் செய்யலாம். விடையை உடனே திருத்த வேண்டும், மதிப்பெண் வேண்டியதில்லை. பிழைக்கு அஞ்சும் மாணவன் முயலமாட்டான்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. ‘இடமூளையினர்’, ‘வலமூளையினர்’ என்று மாணவரைப் பிரிக்கும் பயிற்சிகளுக்கு அறிவியல் ஆதாரம் இல்லை. அவற்றிற்குப் பொதுப்பணம் செலவிடலாகாது.

2020-ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கை, கற்றலுக்குத் துணைபுரியும் தொடர் மதிப்பீட்டை வலியுறுத்துகிறது. இம்முறைக்குப் புதிய கட்டடமோ கருவியோ தேவையில்லை. ஆசிரியருக்குச் சற்றே நேரம் வேண்டும். பாடத்திட்டத்தை முடிக்கும் அவசரம் அந்நேரத்தைப் பறித்துவிடுகிறது. ஆகவே பள்ளியைப் பார்வையிடும் அலுவலர்கள், எத்தனை பாடங்கள் முடிந்தன என்பதோடு, சென்ற மாதப் பாடத்தில் எவ்வளவு மாணாக்கரிடம் எஞ்சியுள்ளது என்பதையும் கேட்டறிதல் வேண்டும்.