நாக்கு சும்மா இருக்கும் நேரம்

பிள்ளைக்கு முன்பல் தூக்கிக்கொண்டு வருகிறது, இரவெல்லாம் வாயைத் திறந்தே தூங்குகிறான். கம்பி போடாமல் நாக்குப் பயிற்சியிலேயே சரியாகிவிடும் என்கிறார்களே, உண்மையா என்று பிரம்மதேசத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார். பாதி உண்மை. எந்தப் பாதி என்பதை விளம்பரங்கள் சொல்வதில்லை.

விழுங்கும்போது நாக்கு இடிப்பதால்தான் பல் துருத்துகிறது என்று வெகுகாலம் நம்பினார்கள். அமெரிக்கப் பல் சீரமைப்பு நிபுணர் வில்லியம் பிராஃபிட் 1978இல் வேறு கணக்குப் போட்டார். ஒரு விழுங்கலில் நாக்கு பல்லை அழுத்துவது ஏறக்குறைய ஒரு வினாடி. நாளைக்கு ஆயிரம் முறை விழுங்கினாலும் 17 நிமிடம்கூடத் தேறாது. பல்லை நகர்த்த மெல்லிய அழுத்தமே போதும், ஆனால் அது மணிக்கணக்கில் விடாமல் இருக்க வேண்டும். ஆகவே நாக்கு சும்மா இருக்கும்போது எங்கே கிடக்கிறது என்பதே முக்கியம். இரு கழனிகளுக்கு நடுவே இருக்கும் வரப்புதான் பல் வரிசை: உட்கழனியில் நாக்கு, வெளிக்கழனியில் உதடும் கன்னமும். ஒரு குடம் தண்ணீரை வீசியடித்தால் வரப்பு அசையாது. ஒரு பக்கம் நாள் கணக்கில் வற்றிக் கிடந்தால் மறுபக்கத்து நீர் ஊறி ஊறிச் சரித்துவிடும். வாயால் மூச்சு விடும் பிள்ளைக்கு நாக்கு அண்ணத்தை விட்டு இறங்குகிறது. கன்னங்கள் நெருக்க, மேல்தாடை குறுக இடமிருக்கிறது. விரல் சூப்புவது வரப்பில் நண்டு வளை. கம்பி போடுவது மண்வெட்டியால் வரப்பை நிமிர்த்துவது. நீர்மட்டம் மாறாவிட்டால் அடுத்த போகத்தில் மறுபடியும் சரியும்.

பயிற்சியும் சில நிமிடம்தானே, அது மட்டும் எப்படிப் பலிக்கும்? நியாயமான கேள்வி. பல்லைத் தள்ளுவது பயிற்சியின் வேலை அல்ல. துருத்தி நிலைத்த பல்லுக்குக் கம்பி வேண்டியிருக்கலாம். மேல் முன்பல்லுக்குச் சற்றுப் பின்னால், அண்ணத்து மேட்டில் நாக்கு நுனியை வைத்து, உதட்டை மூடி, மூக்கால் மூச்சு விடப் பழக்குகிறார்கள். நினைக்காத நேரத்திலும் நாக்கு அங்கேயே தங்கினால்தான் பலன். இது புதுக் கண்டுபிடிப்பும் அல்ல. பல் சீரமைப்பு நிபுணர் ஆல்ஃபிரட் ராஜர்ஸ் 1918லேயே முகத்தசைப் பயிற்சி பற்றி எழுதிவிட்டார். மூக்குக்குப் பின்னால் இருக்கும் அடினாய்டு சதை வீங்கி மூக்கடைத்த பிள்ளையிடம் வாயை மூடு என்பது கொடுமை. அதனால் முதலில் முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள்.

பெரியவர்களுக்கும் பலன் உண்டு, அளவோடு. தூக்கத்தில் மூச்சு தடைபடும் 31 பேரை வைத்து பிரேசிலில் நடந்த ஆய்வு 2009இல் வெளியானது. மூன்று மாதம் நாக்கு, தொண்டைப் பயிற்சி செய்தவர்களுக்கு, மணிக்கு 22 தடவைபோல வந்த தடை 14 ஆகக் குறைந்தது. நல்ல செய்திதான். ஆனால் 5க்குக் கீழே இருப்பதே இயல்பு; இதை நம்பி மூச்சுக் கருவியை நிறுத்தக் கூடாது. வாய்ப் பயிற்சி என்று பிள்ளைகளுக்குப் பேச்சு தெளிய ஊதல் ஊதவைப்பதற்கோ, அதே ஆண்டில் வந்த தொகுப்பாய்வு போதிய சான்று காணவில்லை. ‘ர’ வராத பிள்ளைக்கு ‘ர’ சொல்லித்தான் பழக்க வேண்டும்.