கால்நடைகளின் பேட்டையில் கால்நடையாக

டாக்டர் 'நடங்க' என்று சொன்னதும் நம்மவர்கள் செய்யும் முதல் வேலை ஷூ வாங்குவது. அடுத்தது, கைக்கடிகாரத்தில் பத்தாயிரம் காலடி என்று இலக்கு வைப்பது. நடக்கிற வேலை மட்டும் 'அடுத்த வாரம் பார்க்கலாம்' என்று தள்ளிப்போகும். அந்தப் பத்தாயிரத்தை எந்த மருத்துவரும் எழுதிக் கொடுக்கவில்லை. தோக்கியோ ஒலிம்பிக்ஸ் முடிந்த சூட்டோடு, 1965-ல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த காலடி எண்ணும் கருவி ஒன்றின் பெயரே 'பத்தாயிரம் காலடி மீட்டர்'. வியாபாரத்துக்கு வைத்த பெயரை உலகமே வேதவாக்காக எடுத்துக்கொண்டது.

2019-ல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று 16,741 மூத்த பெண்களின் காலடிகளை எண்ணியது. சராசரி வயது 72. நாளுக்கு 2,700 காலடி நடந்தவர்களைவிட 4,400 நடந்தவர்களிடையே இறப்பு கணிசமாகக் குறைவு. 7,500-ஐ நெருங்கும்போது அந்தப் பலன் ஏறக்குறைய ஒரு மட்டத்தில் நின்றுவிடுகிறது. சிங்கப்பூரின் தேக்காவில் தொடங்கி சிராங்கூன் ரோடு வழியே கொஞ்ச தூரம் போய்த் திரும்பினாலே 2,700-க்கும் 4,400-க்கும் உள்ள இடைவெளி நிரம்பிவிடும். சர்க்கரைக்காரர்களுக்கு இன்னொரு நல்ல செய்தி. வேலை செய்யும் தசை, இன்சுலினுக்காகக் காத்திராமல் ரத்தத்திலிருந்து குளுக்கோஸை இழுத்துக்கொள்ளும். ஆகவே பரோட்டா சாப்பிட்ட கையோடு கால்மணி நேரம் நடப்பது, மறுநாள் விடியலில் நடக்கப்போவதாகச் சபதம் எடுப்பதைவிட உருப்படியான காரியம்.

எங்கே நடப்பது? மலாயா ரயில் 2011 வரை ஓடிய 24 கிலோமீட்டர்த் தடம் இருக்கிறது. மெக்ரிட்சி காட்டில் 250 மீட்டர் தொங்குபாலம் இருக்கிறது. ஹெண்டர்சன் ரோட்டுக்கு 36 மீட்டர் உயரத்தில் அலையலையாக வளைந்த மரப்பாலம் இருக்கிறது. படம் எடுக்க அருமையான இடங்கள்தான். ஆனால் நடப்பதற்கென்று எம்ஆர்டி ஏறி, பஸ் மாறிப் போகிற நடை எத்தனை நாளைக்கு ஓடும்? பழக்கமாகிற நடை, காய் வாங்கவும் கோயிலுக்குப் போகவும் எப்படியும் போகிற வழியிலேயே அமைய வேண்டும். அதனால் என் ஓட்டு லிட்டில் இந்தியாவுக்கு.

தேக்கா சந்தையில் தொடங்கலாம். வீரமாகாளியம்மன் கோயிலைத் தாண்டி நேரே பெருமாள் கோயில், அங்கிருந்து லாவண்டர் ஸ்திரீட்டில் திரும்பினால் காலாங் ஆற்றங்கரை. ஏறக்குறைய மூன்று கிலோமீட்டர். முதல் பாதியில் மூக்குக்குத்தான் வேலை அதிகம்: மல்லிகை, வறுத்த மல்லி, ஈரச் சாக்கு, சாம்பிராணி, எண்ணெய்ச் சட்டியில் வடை. லாவண்டர் பக்கம் வந்தால் வாசனை அடங்கிவிடும், ஆற்றுக்காற்று முகத்தில் படும். ஒரு காலத்தில் மாட்டுக்கொட்டிலும் மாட்டு வியாபாரமுமாக இருந்த வட்டாரம் இது. கெர்பாவ் ரோடு, பஃபலோ ரோடு என்று தெருப்பெயர்களில் எருமைகள் இன்னும் நிற்கின்றன. நடப்பது நமக்குப் புதிதும் இல்லை. தைப்பூசத்தன்று காவடிகள் இதே பெருமாள் கோயிலிலிருந்து புறப்பட்டு டேங்க் ரோடு முருகனிடம் போகின்றன. தீபாவளியை ஒட்டி வரும் தீமிதிக்கு, பூக்குழி இறங்குபவர்கள் இங்கிருந்தே சவுத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மன் கோயில் வரை இரவில் நடக்கிறார்கள். வருடத்தில் ஓரிரு நாள் வெறுங்காலோடு நகரத்தைக் கடக்கிற சமூகம், மற்ற நாட்களில் இரண்டு பஸ் நிறுத்தத் தூரத்துக்கு வண்டி தேடுகிறது.

இந்த நடையின் சுகமே அஞ்சடி என்கிற கடையோர நடைவழியில்தான். 1822-ல் சிங்கப்பூரை நிறுவிய ராஃபிள்ஸ் நகரத் திட்டக் குழுவுக்குத் தந்த கட்டளைகளில் ஒன்று, தெருவோரக் கட்டடம் ஒவ்வொன்றும் முன்னால் கூரையுள்ள நடைவழி விட வேண்டும் என்பது. அது தெரு நெடுக அறுபடாமல், எந்நேரமும் திறந்தே இருக்க வேண்டும். பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருக்கிற ஊருக்கு இதைவிடப் பெரிய உபகாரம் கிடையாது. மதியம் இரண்டு மணி வெயிலிலும் நடக்கலாம். திடீரென்று கொட்டும் மழைக்கும் நிற்க வேண்டாம்.

நடக்கலாம், இடமிருந்தால். எனக்குத் தீராத மனக்குறை இதுதான். அஞ்சடியின் முக்கால்வாசியை முருங்கைக்காய்க் கட்டும் வெங்காய மூட்டையும் தள்ளுபடிப் பெட்டிகளும் எடுத்துக்கொள்கின்றன. சூட்கேஸ்கள் வரிசை கட்டி நிற்கின்றன. மிச்சமிருக்கும் பொந்தில் எதிரெதிரே இரண்டு பேர் வந்தால் ஒருவர் ரோட்டில் இறங்கித்தான் ஆக வேண்டும். போதாக்குறைக்கு ஒவ்வொரு கடை வாசலும் ஒவ்வொரு உயரம். ஒரு வாசலில் பூப்போட்ட பழைய ஓடு, அடுத்ததில் வழுக்குகிற புது டைல்ஸ், நடுவில் அரைச் சாண் படி. இளவட்டம் குதித்துப் போய்விடும். முழங்கால் தேய்ந்தவர்கள் என்ன செய்வார்கள்?

ஒரு கடை வாசலில் கைத்தடி ஊன்றிய பாட்டி ஒருவர் நின்று கேட்டதைப் பார்த்தேன். "தம்பி, இந்தக் கூடைய கொஞ்சம் உள்ள தள்ளுப்பா."

"உள்ள இடமில்ல பாட்டி. அப்படிக் கீழ இறங்கிப் போயிருங்களேன்." பையன் மரியாதையாகத்தான் சொன்னான். பாட்டி தடியை முதலில் ரோட்டில் ஊன்றி, ஒரு லாரி போகும்வரை காத்திருந்து, பக்கவாட்டில் இறங்கினார். டாக்டர் நடக்கச் சொன்னது இவரைப் போன்றவர்களைத்தான்.

கடைக்காரர்களைக் கேட்டால், வாடகை கழுத்தைப் பிடிக்கிறது, சரக்கு கண்ணில் பட்டால்தான் விற்கும் என்பார்கள். வெளியே அடுக்கிய காய்கறிதான் லிட்டில் இந்தியாவின் அழகு என்று சொல்பவர்களும் உண்டு. இருக்கட்டும். வாக்குவாதமும் பழையதுதான். அஞ்சடிகளைக் காலிசெய்ய நகராட்சி முனைந்தபோது 1888 பிப்ரவரியில் சிங்கப்பூரில் கலவரமே வெடித்தது. கடைகள் அடைபட்டன, கற்கள் பறந்தன. கெடுபிடி பிறகு தளர்ந்தது. அன்று தொடங்கிய இழுபறியில் நூற்றுமுப்பது வருடத்துக்கு மேலாகத் தோற்றுக்கொண்டிருப்பவர், பையோடு சும்மா நடந்துபோகிற மனிதர். அவருக்குச் சங்கம் கிடையாது, சந்தா கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை மாலை இது இன்னும் துலக்கமாகத் தெரியும். வாரம் முழுக்க வேலையிடத்திலும் விடுதியிலும் இருந்த வெளிநாட்டு ஊழியர்கள் நான்கைந்து பேராகக் கூடி, பேசிக்கொண்டே நடக்க வருகிறார்கள். காசில்லாத பொழுதுபோக்கு. சிராங்கூன் ரோட்டில் உண்மையான நெடுநடைக்காரர்கள் அவர்கள்தான், கையில் கடிகாரம் காலடி எண்ணுவதில்லை என்றாலும். அவர்களுக்கும் அஞ்சடியில் இடமில்லை. தோளில் கைபோட்டு வந்தவர்கள் கடை வாசலில் பிரிந்து ஒற்றை வரிசையாகிறார்கள். பாதிக் கதை அங்கேயே அறுந்துபோகிறது.

அடுக்குவதற்கு ஓர் எல்லை வேண்டும். இரண்டு பேர் உரசாமல் கடக்கிற அகலத்துக்குத் தரையில் ஒரு கோடு போட்டு, கோட்டுக்கு உள்ளே கடைக்காரர் இஷ்டம், வெளியே நடப்பவர் பாடு என்று விட்டால் போதும். படி இருக்கிற இடத்தில் ஒரு சின்னச் சரிவு. செலவு அதிகமில்லை.

அதுவரை, அஞ்சடியை அது கட்டப்பட்ட நோக்கத்துக்குப் பயன்படுத்த விரும்புகிறவர்கள் காலையில் போக வேண்டும். ஏழு மணி வாக்கில், வெளிச்சம் வந்ததும். பஃபலோ ரோட்டுக் காய்கறிக் கடைகள் அதற்கு முன்பே விழித்திருக்கும். அந்தப் பக்கம் வேண்டாம். சிராங்கூன் ரோட்டில் பெரும்பாலான ஷட்டர்கள் இறங்கியே இருக்கும், தூண்களுக்கிடையே முழு அகலமும் கிடைக்கும். கைத்தடிக்காரர்கள் படிகளில் மட்டும் கண் வைத்தால் போதும். பெட்டிகளை வெளியே இழுத்துப் போடுகிற சத்தம் கேட்பதற்குள் பெருமாள் கோயிலைத் தாண்டிவிடுங்கள்.