எட்டு நம்பரும் எட்டு நம்பரும் ஒன்றல்ல

தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் கடைவீதிகளில் காலணி வியாபாரம் செய்யும் நம் உறுப்பினர்களுக்கு ஜூன் மாதத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. பள்ளி திறக்கும் வாரம் விற்ற ஷூக்களில் சில, அடுத்த வாரமே "சைஸ் சரியில்லை" என்று திரும்பி வரும். இரண்டு நாள் மண்ணில் நடந்த ஜோடியைப் புதுச் சரக்காக விற்க முடியாது. மாற்றித் தர மறுத்தாலோ, அந்தக் குடும்பமே வேறு கடைக்குப் போய்விடும்.

இந்தத் தொல்லைக்குப் பாதிக் காரணம், "எட்டு நம்பர் கொடுங்கள்" என்றதும் எட்டை எடுத்துக் கொடுத்துவிடுவதுதான். நம் நாட்டில் பெரிதும் வழங்குவது பிரிட்டிஷ் நம்பர். அதில் ஒரு நம்பருக்கும் அடுத்ததற்கும் அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது சுமார் 8.5 மி.மீ. வித்தியாசம். ஐரோப்பிய நம்பரில் இதுவே 6.7 மி.மீ. இரண்டுமே ஷூ தைக்கும் 'லாஸ்ட்' என்ற அச்சின் நீளத்தை வைத்து வந்தவை. காலின் நீளத்தை அல்ல. அச்சு கம்பெனிக்குக் கம்பெனி மாறும். நைக்கி ஆண்கள் ஷூவில் பிரிட்டிஷ் 8 என்றால் 27 செ.மீ.; அடிடாஸில் அதே 8 என்றால் 26.5 செ.மீ. ஆகவே அட்டைப் பெட்டியில் செ.மீ. அல்லது மி.மீ. அளவு அச்சாகியிருந்தால் முதலில் அதைப் பாருங்கள்.

அளப்பதற்குப் பெரிய கருவி தேவையில்லை. சுவரோரம் காகிதம் விரித்து, சாக்ஸ் அணிந்த குதிகால் சுவரில் படும்படி வாடிக்கையாளரை நிற்க வைத்து, நீண்ட விரலின் நுனியில் கோடு போட்டால் போதும். உட்கார்ந்தபடி அளந்தால் குறையும். உடல் பாரம் ஏறினால்தான் பாதம் விரியும். பலருக்கு இரண்டு கால்களும் சமமாக இரா. பெரிய காலுக்கே ஷூ. நம் ஊர் வெயிலில் மாலைக்குள் கால் சற்று வீங்குவதால், காலையில் வருபவருக்கு இறுக்கமான ஜோடியைத் தள்ளிவிட வேண்டாம். போட்டு நின்றபின் விரலுக்கு முன்னால் சுமார் 1 செ.மீ. இடம் இருக்க வேண்டும். நடக்கையில் குதிகால் கழன்று எழக்கூடாது.

அகலம்தான் பலரும் மறப்பது. அடையாறிலுள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரை நாடெங்கும் 79 இடங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரின் பாதங்களை அளந்தது. இந்தியப் பாதம் பொதுவாக அகலமானது என்று தெரிந்தது. 'பா' என்ற புதிய அளவுமுறையும் முன்மொழியப்பட்டது. (குரோம் தோல் தொழிற்சாலையால் பெயர் பெற்ற பேட்டை நம்முடையது, இந்தச் செய்தி நமக்கு அந்நியமல்ல.) பக்கவாட்டில் இறுக்குகிறது என்பவருக்கு ஒரு நம்பர் கூட்டிக் கொடுப்பது வழக்கம். அதனால் நீளம்தான் அதிகமாகி, குதிகால் ஆடும். அகலமான வேறு மாடலைக் காட்டுவதே முறை. சர்க்கரை நோயாளிகளில் பலருக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கும். ஷூ கடிப்பதே தெரியாது, புண்ணான பிறகுதான் தெரியும். அவர்கள் "பரவாயில்லை" என்று சொன்னாலும் கையால் தடவிப் பார்த்து விடுங்கள்.

"வளர்ற பிள்ளை, ரெண்டு நம்பர் பெருசாவே குடுங்க" என்னும் தாய்மார்களிடம் காகிதத்தைக் காட்டுங்கள். இரண்டு நம்பர் என்றால் 17 மி.மீ.; பிள்ளை ஓடும்போது தடுக்கும். வளர்ச்சிக்கு அந்த 1 செ.மீ. இடமே சில மாதங்களுக்குப் போதும்.

அளந்த செ.மீ.யைப் பில் அடிக்கட்டையில் குறித்து வைத்தால், அடுத்த சீசனுக்கு மொத்த வியாபாரியிடம் எந்த அளவில் எத்தனை ஜோடி கேட்பது என்பதும் அதிலேயே கிடைக்கும்.