கைமுதலில் எழுந்த ஓவியக் கருவி

வெளியாரிடம் முதலீடு பெறாமல், நிறுவனரின் கைப்பணத்தையும் வாடிக்கையாளர் செலுத்தும் தொகையையும் மட்டுமே கொண்டு தொழிலை வளர்ப்பதை மென்பொருள் உலகினர் பூட்ஸ்ட்ராப்பிங் என்பர். தமிழில் அதைக் கைமுதல் தொழில் எனலாம். 1996இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கிய சோஹோ இவ்வழியில் வளர்ந்ததைத் தமிழ் வாசகர் அறிவர். ஆயினும் வழக்கமான மென்பொருளுக்கும் படம் வரையும் செயற்கை நுண்ணறிவுக் கருவிக்கும் செலவுக் கணக்கு வேறு. முன்னதை ஒருமுறை எழுதிவிட்டால் ஆயிரமாவது வாடிக்கையாளருக்கு ஆகும் கூடுதல் செலவு சொற்பம். பின்னதிலோ ஒவ்வொரு படத்துக்கும் விலையுயர்ந்த ஜிபியு சிப்புகள் உழைத்தாக வேண்டும் என்பதால், பயன்படுத்துவோர் பெருகப் பெருகச் செலவும் பெருகும். ஆகவே இத்துறையின் பெரிய நிறுவனங்கள் பலவும் துணிகர முதலீட்டாளரை, அதாவது பங்கைப் பெற்றுக்கொண்டு இளம் நிறுவனங்களில் பணம் போடுவோரை, நாடின. சான் பிரான்சிஸ்கோவின் மிட்ஜர்னி நாடவில்லை.

அதன் நிறுவனர் டேவிட் ஹோல்ஸ், கையசைவைக் கணினிக்கு உணர்த்தும் சாதனத்தை உருவாக்கிய லீப் மோஷனின் இணை நிறுவனர். துணிகர முதலீட்டில் வளர்ந்த அந்நிறுவனம் 2019இல் விற்கப்பட்டது. மிட்ஜர்னியை வெளி முதலீடின்றிச் சிறு குழுவுடன் தொடங்கிய ஹோல்ஸ், 2022 ஜூலையில் அதன் சோதனைப் பதிப்பைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார். நிறுவனம் இலாபத்தில் இயங்குவதாகச் சில வாரங்களிலேயே தெரிவித்தார். மாதம் 10 டாலரில் தொடங்கிய சந்தாவே அதன் வருவாய். முதலீட்டாளரின் பணம் இருந்தால் இலவசமாகவே பல காலம் கொடுத்துக் கூட்டம் சேர்க்கலாம். கைமுதலில் நடப்பவருக்கு அது கட்டுப்படியாகாது. இலவசச் சோதனை வாய்ப்பை மிட்ஜர்னி 2023 மார்ச்சில் நிறுத்தியபோது, அது தவறாகப் பயன்படுத்தப்படுவதும் ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது.

தொடக்கத்தில் தனக்கென்று ஒரு செயலியை உருவாக்காமல், விளையாட்டுப் பிரியர்கள் உரையாடப் பயன்படுத்திய டிஸ்கார்ட் தளத்திலேயே கருவியை இயக்கியதுதான் அக்குழு செய்த மிகச் சிறந்த சிக்கனம். மழையில் நனையும் பழைய ரயில் நிலையம் என்று ஒருவர் எழுதினால், முதலில் கலங்கிய சாம்பல் நிறத் திட்டுகள் தோன்றி, அவை மெல்லத் தெளிந்து நான்கு படங்களாக நிற்கும்; கீழே எண்ணிட்ட பொத்தான்களுள் சில விரும்பிய படத்தைப் பெரிதாக்கவும், வேறு சில அதன் சாயலில் மாற்றுப் படங்களைப் பெறவும் உதவும். பொது அறையில் இது நடந்ததால், யார் எந்தச் சொல்லை இட்டு எந்தப் படத்தைப் பெற்றார் என்பதை எல்லோரும் பார்த்துக் கற்றனர். கலங்கல் தெளிவது வெறும் அலங்காரமன்று. இத்தகைய கருவிகள், படங்களின்மேல் புள்ளிக்கூளத்தைப் படிப்படியாகத் தூவிச் சிதைத்து, சிதைவை நீக்கும் விதத்தைப் பயில்கின்றன. பின்னர் வெறும் கூளத்திலிருந்து தொடங்கி, சொற்களின் வழிகாட்டுதலில் ஒரு படத்தை மீட்டெடுக்கின்றன. டிஃப்யூஷன் என்பது இம்முறையின் பெயர்.

பயில்வதற்கான படங்கள் எங்கிருந்து வந்தன என்பதில்தான் இத்தொழிலின் உண்மையான முதல் அடங்கியிருக்கிறது. இணையத்திலிருந்து பெருமளவில் திரட்டப்பட்ட அப்படங்களுக்கு ஓவியர்களிடம் இசைவு பெறவில்லை என்பதை ஹோல்ஸே 2022இல் ஒரு பேட்டியில் ஒப்புக்கொண்டார். 2023 ஜனவரியில் மூன்று ஓவியர்களும், 2025 ஜூனில் டிஸ்னி, யுனிவர்சல் நிறுவனங்களும் மிட்ஜர்னிமீது வழக்குத் தொடுத்தனர். பயனாளரின் உரிமைக்கும் எல்லை உண்டு: இக்கருவி வரைந்த படங்கள் கொண்ட ஒரு சித்திரக்கதையில், எழுத்துக்கும் அடுக்குமுறைக்கும் மட்டுமே பதிப்புரிமை உண்டு, படங்களுக்கு இல்லை என்று அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் 2023 பிப்ரவரியில் முடிவு செய்தது.

யாருடைய பணத்துக்கும் கட்டுப்படாமல் நிற்க முடியும் என்று காட்டியது மிட்ஜர்னியின் சாதனை, அது பாராட்டுக்குரியது. ஆனால் கேளாமல் எடுத்த ஓவியரின் உழைப்பும் அத்தொழிலில் போடப்பட்ட முதலே. மாதந்தோறும் வரும் சந்தாவில் அவர்களுக்கும் ஒரு பங்கு சேர வேண்டும்.