‘போனை வெச்சுட்டுப் படி’ என்றால் போதுமா? மாலை 4 முதல் 8 வரை பிள்ளைகளுக்கு உண்மையில் என்ன தேவை?

பள்ளிக்கூடத்துக்குள் இருக்கும்வரை பிள்ளையைப் படிக்க வைக்க மணி இருக்கிறது, டைம்டேபிள் இருக்கிறது, டீச்சர் இருக்கிறார். மாலை கடைசி மணி அடித்த பிறகு? செல்போன் வருகிறது, டி.வி. வருகிறது, தெருமுனை கிரிக்கெட் வருகிறது. இரவு வேலை முடிந்து வீட்டுக்கு வரும் அம்மா கேட்கும் முதல் கேள்வி, “படிச்சியா?” பெரும்பாலும் பதில் வராது. அடுத்து திட்டு, அழுகை, கோபம். மறுநாளும் அதே கதை.

‘இவனுக்குப் படிப்புல ஆர்வமே இல்லை’ என்று முடிவு கட்டுவதற்கு முன், அந்த நான்கு மணி நேரத்தில் பிள்ளையைச் சுற்றி என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

கள்ளிக்குப்பத்தில் ஒரு மாலை

சென்னையின் மேற்கே, அம்பத்தூரிலிருந்து செங்குன்றம் போகும் வழியில் இருக்கிறது கள்ளிக்குப்பம். 2011-ல் அம்பத்தூர் நகராட்சி சென்னை மாநகராட்சியோடு இணைந்தபோது இந்தப் பகுதியும் மாநகரத்துக்குள் வந்தது. 1964-ல் தொடங்கப்பட்ட அம்பத்தூர் தொழிற்பேட்டை பக்கத்திலேயே இருப்பதால், இந்த வட்டாரத்தில் பல குடும்பங்களின் கடிகாரம் ஷிஃப்ட் கணக்கில்தான் ஓடுகிறது. அப்பாவுக்கு செகண்ட் ஷிஃப்ட் என்றால் அவர் வீடு திரும்ப நள்ளிரவு ஆகிவிடும். அம்மாவும் வேலைக்குப் போகிறவர் என்றால், பள்ளி விட்டு வரும் பிள்ளைக்குக் கதவைத் திறக்கக்கூட ஆள் இருக்காது.

வீடும் பெரியதல்ல. ஒரே அறை, அதில்தான் சமையல், டி.வி., தூக்கம், படிப்பு எல்லாமே. ஆடி மாதம் வந்தால் அம்மன் கோயில் ஒலிபெருக்கி. மார்ச் மாதம் வந்தால் பொதுத் தேர்வும் ஐ.பி.எல்.லும் ஒன்றாக வரும்.

இன்னொன்றும் உண்டு. பையன்களின் கவனத்தைக் கலைப்பது போனும் கிரிக்கெட்டும் என்றால், பல வீடுகளில் பெண் பிள்ளைகளின் நேரத்தைத் தின்பது வேலைதான். தண்ணீர் பிடிப்பது, பாத்திரம் தேய்ப்பது, தம்பியைப் பார்த்துக்கொள்வது. ‘அவ சமத்து, தொந்தரவே கிடையாது’ என்ற பாராட்டுக்குப் பின்னால், அவள் புத்தகம் திறக்காத மாலைகள் இருக்கலாம்.

இங்கே பணயமாக இருப்பது வெறும் மதிப்பெண் அல்ல. தொழிற்பேட்டைக்கு அருகில் படிப்பை நிறுத்தும் பிள்ளைக்கு, தினக்கூலி வேலை கைக்கெட்டும் தூரத்தில் காத்திருக்கிறது. முதல் மாதச் சம்பளம் கையில் வந்துவிட்டால் மறுபடி பள்ளிக்குத் திரும்புவது கடினம்.

பக்கத்தில் இருந்தாலே இழுக்கும் போன்

போனைப் பற்றிப் பேசாமல் இந்த விஷயம் முடியாது. இந்தியக் கிராமப்புறங்களில் எடுக்கப்பட்ட ‘அசர் 2024’ கணக்கெடுப்பில், ஸ்மார்ட்போனைப் பயன்படுத்தத் தெரிந்த 14 முதல் 16 வயதுப் பிள்ளைகளிடம் முந்தைய வாரத்தைப் பற்றிக் கேட்டார்கள். ஏதாவது ஒரு படிப்பு வேலைக்காகப் போனை எடுத்தவர்கள் 57 சதவீதம். சமூக வலைதளத்துக்காக எடுத்தவர்கள் 76 சதவீதம். நகரத்துப் பிள்ளைகளுக்கும் இதில் பெரிய வித்தியாசம் இருக்காது என்பது வீட்டில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஏட்ரியன் வார்டு குழுவினர் 2017-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. மாணவர்களில் சிலரின் போன் சைலன்ட்டில் மேசை மேல், சிலரின் போன் பையில், சிலரின் போன் வேறு அறையில். மூன்று பிரிவினருக்கும் ஒரே கவனச் சோதனை. வேறு அறையில் போனை வைத்தவர்கள், மேசையில் வைத்தவர்களைவிட நன்றாகச் செய்தார்கள். போன் ஒலிக்கவே இல்லை. அதை எடுக்காமல் இருப்பதற்கே மூளை கொஞ்சம் உழைக்க வேண்டியிருந்தது என்பது ஆய்வாளர்களின் விளக்கம். பிறகு வந்த எல்லா ஆய்வுகளிலும் இதே அளவு விளைவு தெரியவில்லை. ஆனாலும் போனை அடுத்த அறையில் வைத்துப் பார்க்கக் காசு எதுவும் செலவில்லை.

ஒரே சிக்கல், இன்று வீட்டுப்பாடமே வாட்ஸ்அப் குழுவில் வருகிறது. வீட்டில் இருக்கும் ஒரே போன் அப்பாவோடு ஷிஃப்ட்டுக்குப் போய்விட்டால், அவர் வந்த பிறகுதான் பாடம் என்னவென்றே தெரியும். வகுப்பு முடியும் முன்பே வீட்டுப்பாடத்தை நோட்டில் எழுதிக்கொள்ளும் பழைய பழக்கம் இங்கே கைகொடுக்கும். ஆசிரியர்கள் அதற்கு ஐந்து நிமிடம் ஒதுக்கினால், ‘வீட்டுப்பாடம் பார்க்கணும்’ என்று போனை வாங்கி ரீல்ஸில் முடியும் கதையும் குறையும்.

தமிழ்நாடு பார்த்த ஒரு பாடம்

பள்ளிக்கு வெளியே ஒரு மணி நேரத்தை ஒழுங்குபடுத்தினால் என்ன நடக்கும்? அதற்கு நம் மாநிலத்திலேயே விடை இருக்கிறது.

கொரோனாவால் பள்ளிகள் நீண்ட காலம் மூடிக்கிடந்த பிறகு, 2021 அக்டோபர் 27-ம் தேதி விழுப்புரம் மாவட்டம் முதலியார்குப்பத்தில் ‘இல்லம் தேடிக் கல்வி’ திட்டம் தொடங்கப்பட்டது. 1 முதல் 8-ம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு, மாலை 5 முதல் 7 மணிக்குள், ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேரம் வகுப்பு. நடத்தியவர்கள் அதே ஊர், அதே தெருவைச் சேர்ந்த தன்னார்வலர்கள். பெரும்பாலோர் பெண்கள். ஊக்கத்தொகை மாதம் 1,000 ரூபாய்.

அபிஜித் சிங், மவுரீசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆகிய பொருளாதார ஆய்வாளர்கள் தமிழகக் கிராமங்களில் சுமார் 19,000 பிள்ளைகளின் கற்றலை அளந்தார்கள். கொரோனா காலத்தில் ஏற்பட்ட இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு, பள்ளி திறந்த ஆறு மாதத்துக்குள் மீண்டிருந்தது. அந்த மீட்சியில் ஏறக்குறைய 24 சதவீதம் இந்த மாலை வகுப்புகளால் வந்திருக்கலாம் என்று அவர்கள் கணக்கிட்டார்கள்.

அந்த வகுப்பில் ஏசி அறை இல்லை, டிஜிட்டல் பலகை இல்லை. கோயில் திண்ணை, வீட்டு வாசல், அங்கன்வாடி என்று கிடைத்த இடத்தில் உட்கார்ந்தார்கள். ஆனால் மூன்று விஷயங்கள் இருந்தன. தினமும் ஒரே இடம், ஒரே நேரம், ‘நேத்து ஏன் வரலை?’ என்று கேட்க ஓர் அக்கா. உற்சாகத்தைத் தூண்டும் எந்தப் பேச்சையும்விட, இந்த மூன்றும்தான் பிள்ளையைப் புத்தகத்துக்கு முன்னால் உட்கார வைக்கின்றன.

இடம் இல்லை என்றால்?

ஒரே அறை வீட்டில் தனி மேசைக்கு எங்கே போவது என்ற கேள்வி நியாயமானது. அதற்கு வீட்டுக்கு வெளியேதான் விடை தேட வேண்டும். அம்பத்தூருக்கு வெகு தூரம் இல்லாத கொளத்தூரில் 2024 நவம்பர் 4-ம் தேதி திறக்கப்பட்ட ‘முதல்வர் படைப்பகம்’, படிக்க இடமில்லாத மாணவர்களை நினைத்தே கட்டப்பட்டது. அமைதியான இருக்கை, இணைய வசதி, புத்தகங்கள் என்று மிகக் குறைந்த கட்டணத்தில் அங்கே உட்கார்ந்து படிக்கலாம். கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்தப் புத்தகத்தைக் கொண்டுபோய்ப் படிக்கத் தனிப் பகுதியே உண்டு.

தினமும் அவ்வளவு தூரம் போக முடியாதவர்களுக்கு? பக்கத்துக் கிளை நூலகம், காலியாக இருக்கும் சமுதாயக் கூடம், மாடியில் இடம் இருக்கும் ஒரு தோழியின் வீடு. நாலு வீட்டுப் பிள்ளைகள் சேர்ந்து, கல்லூரியில் படிக்கும் ஓர் அண்ணனோ அக்காவோ மேற்பார்க்க, தினம் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் அதுவே ஒரு குட்டிப் படைப்பகம்தான். பெற்றோர்கள் தங்களுக்குள் பேசிவைத்தால் நடக்கக்கூடியது இது.

ஆர்வம் வந்த பிறகு படிப்பதா, படித்த பிறகு ஆர்வமா?

‘மூடு வரலை’ என்பது எல்லா வயது மாணவர்களும் சொல்லும் காரணம். மூடுக்காகக் காத்திருப்பதைவிட, எப்போது, எங்கே, எதை என்று முன்பே தீர்மானிப்பது வேலை செய்கிறது. ஜெர்மனியில் பீட்டர் கோல்விட்சர், வெரோனிகா பிராண்ட்ஸ்டாட்டர் இருவரும் 1997-ல் வெளியிட்ட ஆய்வில், விடுமுறையில் ஒரு கட்டுரை எழுதி அனுப்பும்படி மாணவர்களிடம் சொன்னார்கள். எந்த நேரம், எந்த இடம் என்று முன்கூட்டியே குறித்துக்கொண்டவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல் எழுதி முடித்தார்கள். குறித்துக்கொள்ளாதவர்களில் மூன்றில் ஒரு பங்கினர்தான் முடித்தார்கள்.

எனவே ‘இன்னைக்கு நிறைய படிக்கணும்’ என்பது திட்டமல்ல. ‘டீ குடிச்சதும், மாடிப்படியில் உட்கார்ந்து, கணக்கில் அஞ்சு கேள்வி’ என்பதுதான் திட்டம்.

அடுத்தது, படித்தது நினைவில் நிற்பது. ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்ப வாசித்துவிட்டுத் தேர்வில் மறந்துபோகும் பிள்ளைக்குத்தான் சீக்கிரம் மனசு விட்டுப்போகும். புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்த மாணவர்கள், திரும்பத் திரும்ப வாசித்தவர்களைவிட ஒரு வாரம் கழித்து அதிகம் நினைவில் வைத்திருந்தார்கள் என்று ரோடிகர், கார்ப்பிக் ஆகியோரின் 2006 ஆய்வு காட்டியது. ‘எனக்கு வருது’ என்று தெரிந்தால் மறுநாள் உட்காருவது சுலபம்.

‘ஃபர்ஸ்ட் ரேங்க் எடு, சைக்கிள் வாங்கித் தர்றேன்’ என்பதில் எச்சரிக்கை தேவை. 1973-ல் அமெரிக்காவில் வெளிவந்த லெப்பர் குழுவினரின் ஆய்வில், படம் வரைவதை ஏற்கெனவே விரும்பிய சிறுவர்களுக்குப் பரிசு தருவதாகச் சொல்லி வரையவைத்தார்கள். சில நாட்கள் கழித்து, பரிசு இல்லாதபோது அவர்கள் மற்றவர்களைவிடக் குறைந்த நேரமே வரைந்தார்கள். பரிசே தரக்கூடாது என்பதல்ல இதன் பொருள். பரிசுக்காகவே படிப்பு என்று ஆகிவிடக் கூடாது.

அதற்குப் பதில், படிப்பு எங்கே கொண்டுபோகும் என்பதைக் கண்ணால் காட்டலாம். அம்பத்தூர் அரசு ஐ.டி.ஐ., ஆவடி முருகப்பா பாலிடெக்னிக் எல்லாம் பக்கத்தில்தான் இருக்கின்றன. ஒரு சனிக்கிழமை அந்த வாசல்வரை அழைத்துப் போங்கள். அப்பா மெஷின் ஆப்பரேட்டர் என்றால், தன் வேலையில் அளவும் கணக்கும் எங்கே வருகிறது என்று சொல்லட்டும். அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்து உயர்கல்விக்குப் போகும் மாணவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் ‘புதுமைப் பெண்’ 2022-லும், மாணவர்களுக்கான ‘தமிழ்ப் புதல்வன்’ 2024-லும் தொடங்கப்பட்டதைப் பிள்ளைக்குச் சொல்லியிருக்கிறீர்களா?

இன்று மாலையே தொடங்கலாம்

* பள்ளி விட்டு வந்ததும் படிக்கச் சொல்லாதீர்கள். சாப்பாடு, கொஞ்சம் விளையாட்டு, பிறகு படிப்பு. விளையாட்டு எத்தனை மணிக்கு முடியும் என்பது மட்டும் முன்பே பேசி முடிவாகட்டும்.

* படிக்கும் ஒரு மணி நேரம் வீட்டில் எல்லோர் போனும் ஒரே இடத்தில், கண்ணில் படாமல். அம்மாவின் சீரியலும் அப்பாவின் யூடியூபும் அந்த ஒரு மணி நேரம் ஓய்வெடுக்கட்டும்.

* ஆண்ட்ராய்டு போனில் ‘டிஜிட்டல் வெல்பீயிங்’ என்ற அமைப்பில் ‘ஃபோகஸ் மோட்’ இருக்கிறது. தொந்தரவு தரும் செயலிகளை அதில் நிறுத்திவைக்கலாம். எந்தச் செயலி என்று பிள்ளையே தேர்ந்தெடுக்கட்டும்.

* 25 நிமிடம் படிப்பு, 5 நிமிடம் ஓய்வு. ஓய்வில் எழுந்து நடக்கலாம், தண்ணீர் குடிக்கலாம். போன் வேண்டாம்.

* வீட்டு வேலையை அண்ணன், தம்பி, தங்கை எல்லோருக்கும் பிரித்துக் கொடுங்கள். பெண் பிள்ளைக்கும் அந்த ஒரு மணி நேரம் கட்டாயம் வேண்டும்.

* ‘படிச்சியா?’ என்பதற்குப் பதில், ‘இன்னைக்குப் படிச்சதுல ஒண்ணு எனக்குச் சொல்லு’ என்று கேளுங்கள். உங்களுக்கு அந்தப் பாடம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. வேலையில் இருந்தால் இடைவேளையில் இரண்டு நிமிடம் போனில் கேட்டாலும் போதும்.

* 13 முதல் 18 வயதுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை. இரவு போன் தலையணைக்கு அடியில் இருக்க வேண்டாம்.

இது வெறும் கவனச்சிதறல் இல்லை என்றால்?

முன்பு நன்றாகப் படித்த பிள்ளை திடீரென்று விலகிப்போனால், பள்ளிக்குப் போகவே மறுத்தால், சரியாகத் தூங்காமல் சாப்பிடாமல் இருந்தால், காரணம் போனாக மட்டும் இருக்காது. கரும்பலகை சரியாகத் தெரியாமல் இருக்கலாம், யாராவது கேலி செய்யலாம், வீட்டுக் கடன் சண்டை மனசை அரிக்கலாம். முதலில் உட்கார்ந்து கேளுங்கள். வகுப்பு ஆசிரியரைப் பாருங்கள். படிப்பு தொடர்பான வழிகாட்டுதலுக்குப் பள்ளிக் கல்வித் துறையின் 14417 எண்ணையும், மனநல ஆலோசனைக்கு ‘டெலி மானஸ்’ 14416 எண்ணையும், குழந்தைகள் பாதுகாப்புக்கு 1098 எண்ணையும் அழைக்கலாம்.

தெருவில் ஒலிபெருக்கியை நிறுத்த முடியாது. ஷிஃப்ட் நேரத்தை மாற்ற முடியாது. ஆனால் ஓர் இடம், ஒரு நேரம், அக்கறையாக விசாரிக்க ஓர் ஆள் — இந்த மூன்றையும் எந்தக் குடும்பமும் முயன்றால் ஏற்பாடு செய்யலாம். உங்கள் வீட்டில் இதில் எது இல்லையோ, அதிலிருந்து தொடங்குங்கள்.