வலியை மறைக்காத சந்தோஷம்

1931 அக்டோபர் 24. மருத்துவப் பணிக்காகக் களக்காட்டில் வாடகைக்குப் பிடித்திருந்த வீட்டைப் பார்க்கப் போன ஏமி கார்மைக்கேல், மங்கிய மாலை வெளிச்சத்தில், அங்கே தோண்டிக் கிடந்த குழியில் விழுந்தார். கால் எலும்பு முறிந்தது, கணுக்கால் பிசகியது, முதுகிலும் அடி. அப்போது அவருக்கு வயது 63. 1951 ஜனவரி 18-இல் இறக்கும்வரை, ஏறத்தாழ இருபது வருஷம், டோனாவூரில் பெரும்பாலும் ஒரே அறையில்தான் வாழ்ந்தார்.

வட அயர்லாந்தில் பிறந்து 1895-இல் இந்தியா வந்தவர் ஒருமுறைகூடத் தாய்நாடு திரும்பவில்லை. திருநெல்வேலிச் சீமையில் மாட்டுவண்டியில் ஊர் ஊராகப் போய்ச் சுவிசேஷம் சொன்னவர். 1901-இல், தேவதாசியாக்கப்பட இருந்த ஒரு சிறுமி தப்பி வந்து அவரிடம் அடைக்கலம் புகுந்தாள். அதன்பிறகு டோனாவூரில் அப்படிப்பட்ட பிள்ளைகளைக் காப்பாற்றி வளர்ப்பதே அவருடைய ஊழியம் ஆயிற்று. ஓயாமல் நடந்த கால்கள் அவை.

படுக்கையில் கிடந்தவருக்கு ஆறுதல் சொல்லும் சிறு புத்தகங்கள் வந்து சேர்ந்தன. அவற்றில் பல அவர் மனதைத் தொடவேயில்லை. காரணத்தை அவரே கண்டுகொண்டார்: நோயாளிகளுக்கான அந்தப் புத்தகங்களை எழுதியவர்கள் நல்ல சுகத்தோடு இருந்தவர்கள். ஆகவே வேறு நோயாளிகளுக்கு அவரே கடிதம் எழுதத் தொடங்கினார். அவை 1933-இல் ‘ரோஸ் ஃப்ரம் பிரையர்’ என்ற பெயரில் நூலாயின. வலி இன்னும் தீராத ஒருவர் வலி தீராத மற்றவர்களுக்கு எழுதிய கடிதங்கள் அவை. தூக்கம் வராத இரவுகளை அவர் அதில் மறைக்கவில்லை. சுகத்துக்காக அத்தனை பேர் ஜெபித்தும் சுகம் கிடைக்காததையும் மறைக்கவில்லை. அந்த நூலில் வரும் சந்தோஷத்தை நான் நம்புவதற்கு இதுதான் காரணம்.

நம் சபைகளில் எனக்கு வருத்தம் தரும் பழக்கம் ஒன்று உண்டு. புற்றுநோயோடு படுத்திருப்பவரைப் பார்க்கப் போகிறோம். உட்கார்ந்ததும், “ஸ்தோத்திரம் சொல்லுங்க, கர்த்தர் சுகம் தருவார்” என்கிறோம். அவர் கண் கலங்கினால், விசுவாசம் போதவில்லையோ என்று நமக்குள்ளேயே கேட்டுக்கொள்கிறோம். பாவம், அந்த மனுஷர் நம்மைத் திருப்திப்படுத்தச் சிரிக்க வேண்டியிருக்கிறது! நோயின் பாரம் போதாதென்று இந்தப் பாரத்தையும் அவர் தலையில் ஏற்றிவிட்டு வருகிறோம். வேதத்தில் இதற்கு ஆதரவு எதையும் நான் காணவில்லை. சங்கீதங்களில் கணிசமானவை புலம்பல்கள். ஏன் என்னைக் கைவிட்டீர் என்ற கேள்வியைச் சிலுவையில் இயேசுவே கேட்டார்.

பவுல் பிலிப்பி சபைக்கு எழுதிய நிருபத்தையே எடுத்துக்கொள்வோம். நாலே அதிகாரம், சிறைக் காவலில் இருந்து எழுதியது. சந்தோஷத்தின் நிருபம் என்று போதகர்கள் அதை அழைக்கிறார்கள். அது சரிதான், பக்கத்துக்குப் பக்கம் சந்தோஷம் வருகிறது. ஆனால் பவுலின் உடன் ஊழியன் எப்பாப்பிரோதீத்து நோயுற்றுச் சாகும் நிலைக்குப் போனதும் அதே கடிதத்தில்தான் இருக்கிறது. அவன் போயிருந்தால் துக்கத்தின்மேல் துக்கம் வந்திருக்கும் என்று பவுல் தயங்காமல் ஒப்புக்கொள்கிறார். கிறிஸ்துவின் சிலுவைக்குப் பகையாக நடக்கிறவர்களைப் பற்றி எழுதுகையில் அழுகிறார். எந்த அழுகையும் அவருடைய சந்தோஷத்தைப் பொய்யாக்கவில்லை. விடுதலை கிடைக்குமா, மரணதண்டனையா என்று தெரியாமலே அவரால் களிகூர முடிந்தது. அவருடைய சந்தோஷம் வழக்கின் தீர்ப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கவில்லை. தம்மைப் பிடித்திருக்கும் கிறிஸ்துவைப் பிடித்துக்கொண்டு நின்றது.

டோனாவூரில் சந்தோஷமும் அழுகையும் இப்படிச் சேர்ந்திருப்பது அன்றாட வாழ்க்கையாகவே இருந்தது. அங்கே வளர்ந்த பல பிள்ளைகளுக்குப் பிறந்த தேதி தெரியாது. அதனால் அவர்கள் வந்து சேர்ந்த நாளைக் கொண்டாடினார்கள். யாருக்கும் வேண்டாதவளாக வந்த குழந்தைக்கு, ‘நீ வந்தது எங்களுக்கு விசேஷம்’ என்று வருஷா வருஷம் சொல்வதற்கு ஒரு நாள்! பிள்ளைகள் தினமும் பாடினார்கள். அவர்களுக்கென்றே ஏமி பாட்டுகள் எழுதினார்.

அதே வளாகத்தில் சாவும் வந்துபோய்க்கொண்டிருந்தது. குழந்தைகள் இறந்தார்கள். ஏமிக்கு வழிகாட்டியாக இருந்த தாமஸ் வாக்கர் 1912-இல் மறைந்தார். வலதுகையாக இருந்த பொன்னம்மாள் புற்றுநோயால் 1915-இல் இறந்தார். தமக்குப் பின் பொறுப்பேற்பார் என்று ஏமி நம்பியிருந்த அருளாய் 1939-இல் போனார். அப்போது ஏமியே படுக்கையில் இருந்தார். இத்தனை இழப்புகளுக்கும் விளக்கம் சொல்ல அவர் முயலவில்லை என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஏன் என்ற கேள்விக்கு விடை வராவிட்டாலும் கடவுளின் அன்பைச் சந்தேகிப்பதில்லை என்று அவர் முடிவெடுத்திருந்தார். விளக்கத்துக்காகக் காத்திருந்திருந்தால் ஒரு நாள்கூட அவர் பாடியிருக்க முடியாது.

1948-இல் அறைக்குள்ளேயே மறுபடி விழுந்தார். அதன்பின் கட்டிலை விட்டு எழவே முடியவில்லை. அந்த இருபது வருஷத்தில் அந்த அறையிலிருந்து பத்துக்கும் மேற்பட்ட நூல்கள் வெளிவந்தன. அவற்றைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது, உடன் ஊழியர்களுக்கும் பிள்ளைகளுக்கும் அவர் எழுதி அனுப்பிய துண்டுக் கடிதங்கள். யாருக்குக் காய்ச்சல், யார் மனம் சோர்ந்திருக்கிறார் என்றெல்லாம் விசாரித்துக்கொண்டே இருந்தார். தம்முடைய வலியைத் தாண்டி இன்னொருத்தியின் வலியை விசாரிக்கத் தெம்பு தந்ததே, அவர் கிறிஸ்துவிடம் கண்ட அந்தச் சந்தோஷம்தான்.