மானிப்பாயில் அச்சேறிய மருத்துவம்

வலப்பனையிலிருந்தோ இராகலையிலிருந்தோ நுவரெலியா வைத்தியசாலைக்குப் போய்வந்த நேயர்களுக்குச் 'சத்திரசிகிச்சை' என்னும் சொல் புதிதன்று. தமிழ்நாட்டார் அதனை 'அறுவை சிகிச்சை' என்பர். ஏறத்தாழ நூற்றறுபது ஆண்டுகளுக்கு முன்னர் யாழ்ப்பாணத்தில் அதற்கு வழங்கிய பெயர் 'இரண வைத்தியம்' என்பது. அப்பெயரோடு 1867இல் மானிப்பாயில் ஒரு நூல் வெளிவந்தது. மேனாட்டு மருத்துவத்தைத் தமிழில் நூலாக்கி வெளியிடுதலைப் பெரும்பணியாக மேற்கொண்ட சிறு குழு ஒன்று அவ்வூரில் இருந்தது. அதன் வரலாறே இன்றைய பேச்சின் பொருள்.

அமெரிக்க மிஷனாருக்கு அச்சகம் எளிதில் வாய்த்துவிடவில்லை. 1820இல் வந்திறங்கிய கரெற் என்னும் அச்சாளரை, அப்போது ஆட்சிப் பொறுப்பிலிருந்த பான்ஸ் இத்தீவில் தங்க விடவில்லை. 1834இல் மைனர் என்பவர் வந்த பின்னரே மானிப்பாயில் அச்சு வேலை நிலைபெற்றது.

1847இல் யாழ்ப்பாணம் வந்த சாமுவேல் கிறீன் என்னும் இளம் வைத்தியர், மறு ஆண்டே மானிப்பாயில் மாணாக்கர்க்கு மருத்துவம் கற்பிக்கலானார். முதலில் ஆங்கிலத்திலேயே கற்பித்தார். ஆங்கிலம் கற்றவரோ அரசாங்க உத்தியோகத்தை நாடி வெளியூர் சென்றனர். கிராமத்து நோயாளி பழையபடியே கிடந்தான். 1862இல் தாயகத்திலிருந்து மீண்டு வந்த கிறீன், இனித் தமிழிலேயே கற்பிப்பதென முடிவு செய்தார். மாணாக்கர் சிலருக்கு இது கசந்தது. உத்தியோகத்திற்கு ஆங்கிலமன்றோ வேண்டும்! அவர்கள் கவலையையும் நாம் குறைகூற இயலாது.

தமிழில் கற்பிக்க நூல் வேண்டும். நூலுக்குச் சொல் வேண்டும். கிறீன் முதலில் தமிழிலே தேடினார். அங்குக் கிட்டாதபோது வடமொழியை நாடினார். அதுவும் உதவாதவிடத்து ஆங்கிலச் சொல்லையே தமிழ் ஓசைக்கு இசைத்துக்கொண்டார். 'கெமிஸ்தம்' அவ்வாறு பிறந்ததே. அப்பெயரோடு வெல்சு என்பாரது நூலின் மொழிபெயர்ப்பு 1875இல் நாகர்கோவிலில் அச்சாயிற்று. சப்மன், டன்வது, சுவாமிநாதன் முதலிய மாணாக்கரே மொழிபெயர்ப்பில் பெரும் பங்கு கொண்டனர். கிறேயின் உடற்கூற்று நூல் 'மனுஷ அங்காதிபாதம்' எனத் தமிழுருப் பெற்றது 1872இல். மொத்தத்தில் ஏறத்தாழ 4,500 பக்கங்கள் இவ்வாறு தமிழாயின.

1873இல் கிறீன் தாயகம் திரும்பினார். அங்கிருந்தும் கையெழுத்துப் படிகளைத் திருத்தி அனுப்பினார். 'மனுஷ சுகரணம்' 1883இல் வந்தது. மறு ஆண்டு அவர் மறைந்தார். அதற்கு முன்னரே, 1870இல், கொழும்பில் அரசாங்க மருத்துவப் பள்ளி ஆங்கிலத்தில் தொடங்கிவிட்டது. உத்தியோகமும் அவ்வழியே சென்றது. நோயாளி தன் நோவைத் தமிழில் உரைப்பதும், வைத்தியர் தாம் கற்றதை ஆங்கிலத்தில் எண்ணுவதும் வழக்கமாயின. தேயிலைத் தோட்டத்து நேயர்க்கு இதனை விளக்க வேண்டியதில்லை.

கெமிஸ்தம் என்ற சொல் வழக்கொழிந்தது. நம் பிள்ளைகள் இரசாயனவியல் என்றும், தமிழ்நாட்டுப் பிள்ளைகள் வேதியியல் என்றும் அதனைப் படிக்கின்றனர்.